இருபது ஆம்ப் மாற்றியாச்சா? பெட்டியை மாற்றிப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மாடலர் (கிட்டார் ஆம்பின் சத்தத்தை, நிஜ ஆம்ப் இல்லாமலே உருவாக்கித் தருவது) பற்றியே இருந்தன, அதனால் மற்றவற்றைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (புது வண்ணாரப்பேட்டை): அண்ணா, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர், ஆம்ப் வைத்து வாசிக்க வழியே இல்லை. லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் போட்டு ஹெட்போனில் வாசிக்கிறேன். டிஸ்டார்ஷன் போட்டாலே தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது. இருபது ஆம்ப் மாற்றிப் பார்த்துவிட்டேன். எதுதான் நல்ல ஆம்ப்?

பதில்: தம்பி, இருபத்தோராவது ஆம்பும் அப்படித்தான் கேட்கும், ஏனென்றால் கோளாறு ஆம்பில் இல்லை. நீங்கள் இறக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் ஆம்பின் தலையை மட்டும் பிடித்த கோப்புகளாக இருக்கும், ஸ்பீக்கர் பெட்டி அவற்றில் இருக்காது. கிட்டார் ஸ்பீக்கர், பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் மாதிரி எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் தருவதில்லை. 12 இஞ்ச் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மளமளவென்று இறங்கிவிடும், டிஸ்டார்ஷனில் கிளம்பும் கரகரப்பை எல்லாம் அந்தக் காகிதக் கூம்புதான் வடிகட்டுகிறது. உங்கள் ஹெட்போன் அதற்கு மேலேயும் தாராளமாகப் பாடும். வடிகட்டி இல்லாமல் நேராகக் காதில் ஊற்றினால் வண்டுதான் வரும்.

அதே மென்பொருளில் ஐ.ஆர். (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) என்று ஓர் இடம் காலியாக இருக்கும், பாருங்கள். ஒரு ஸ்பீக்கர் பெட்டி முன் மைக் வைத்து, அடியிலிருந்து உச்சிவரை ஏறும் ஒரு சோதனைச் சத்தத்தை அதன் வழியாக விட்டுப் பதிவு செய்து, அந்தப் பெட்டி சத்தத்தை என்ன செய்கிறது என்று கணக்கிட்டு எடுப்பதுதான் ஐ.ஆர். கோப்பு. 48,000 சாம்பிள் வேகத்தில் 2,048 சாம்பிள் என்றால் மொத்தமே 43 மில்லிவினாடி, அவ்வளவு சின்னது. ஆனால் ஸ்பீக்கர், பெட்டியின் மரம், மைக், அது நின்ற இடம் எல்லாம் அதற்குள் அடக்கம். மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓர் இஞ்ச் நகர்த்தினாலே பளிச்சென்று இருந்த சத்தம் மங்கிவிடும், ஆம்பில் ட்ரெபிள் குமிழைத் திருகி அந்த மாற்றத்தைக் கொண்டுவர முடியாது. அதனால்தான் டோன் சரியில்லை என்று யார் வந்தாலும் முதலில் பெட்டியை மாற்றச் சொல்கிறேன்.

ஆயிரம் கோப்புகளை இறக்காதீர்கள், பத்தாவதைக் கேட்கும்போதே காது களைத்துவிடும். பின்பக்கம் மூடிய, நான்கு செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் உள்ள பெட்டி ஒன்று, அதே மாதிரி கிரீன்பேக் ஸ்பீக்கர் உள்ளது ஒன்று, கிளீனுக்கு (டிஸ்டார்ஷன் இல்லாத சத்தத்துக்கு) பின்பக்கம் திறந்த பெட்டி ஒன்று, மூன்றும் ஷூர் எஸ்எம்57 மைக்கில் பிடித்ததாக இருந்தால் போதும். 1965-இல் வந்த மைக் அது, நாம் கேட்டு வளர்ந்த எத்தனையோ ரெக்கார்டுகளில் கிட்டார் ஆம்ப் முன்னால் நின்றது அதுதான். ஒரே ஆம்பை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் ஒரு வாரம் மாற்றி மாற்றி வாசியுங்கள்.

இன்னொன்று. கிட்டாரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகியிருந்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. கிட்டாருக்கென்று தனி உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், 1 மெகா ஓம் அளவு மின்மறுப்பு இருந்தால்தான் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் உயிர் அப்படியே உள்ளே வரும்.

கேள்வி (வியாசர்பாடி): கானா குழுவில் வாசிக்கிறேன். வீட்டில் பார்த்துப் பார்த்து அமைத்த டோன், ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற விழா மேடையில் காணாமலே போய்விட்டது. டோலக், கீபோர்டு சத்தத்தில் கிட்டார் ஒரே கொழகொழ. மைக் செட் அண்ணன், “உன் லைனில் ஒன்றும் தெளிவாக வரவில்லையே” என்கிறார்.

பதில்: அவர் சொல்வது சரி. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடிச்சத்தமும் உச்சமும் குறைவாகவே கேட்கும், ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால் ராத்திரி ஹெட்போனில் உட்கார்ந்து பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றுகிறோம், நடுவைக் குறைக்கிறோம், கேட்க இனிக்கிறது. மேடையில் சத்தம் ஏறியதும் அந்த பேஸ் ஊதிப் பெருத்து டோலக்கோடு முட்டுகிறது, கிட்டார் குடியிருக்கிற நடுப்பகுதியை நாமே வெட்டிவிட்டதால் அங்கே கீபோர்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மேடைக்கென்று தனியாக ஒரு பிரீசெட் (சேமித்து வைக்கும் அமைப்பு) வையுங்கள். டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினைப் பாதியாக்குங்கள், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள் (தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அதன் மேல்சுரங்கள் இருப்பதால் ஒன்றும் குறையாது), 6,000-க்கு மேலேயும் வெட்டுங்கள், 500-லிருந்து 2,000 வரை கொஞ்சம் ஏற்றுங்கள், ரிவெர்பைத் தொட்டுக்கொள்ள மட்டும் விடுங்கள். ஸ்டீரியோவில் அமைத்துவிட்டு ஒரு வயர் மட்டும் கொடுத்தால் பாதி டோன் போய்விடும், மோனோவாக மாற்றுங்கள். ஆனால் பாடகரின் குரலும் அதே நடுப்பகுதியில்தான் இருக்கிறது. கானாவில் வார்த்தை கேட்காவிட்டால் பாட்டே இல்லை, ஆகவே அவர் பாடும்போது கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் இறக்கி, வரி முடிந்ததும் ஏற்றிப் பழகுங்கள். கச்சேரிக்கு முன் மைக் செட் அண்ணனிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, அந்தச் சத்தத்தில் நின்று அமைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி (ராயபுரம்): சர்ச்சில் பழைய கிட்டார் ஆம்ப் ஒன்று இருக்கிறது. மாடலரை அதில் கொடுத்தால் போர்வை போர்த்தின மாதிரி மந்தமாக இருக்கிறதே?

பதில்: பெட்டிக்கு மேல் பெட்டி வைத்திருக்கிறீர்கள். ஆம்பில் ஏற்கெனவே நிஜ ஸ்பீக்கர் இருக்கிறது, மாடலரில் கேபினெட்டை, அதாவது ஐ.ஆர். பெட்டியை, அணைத்துவிடுங்கள். ஆம்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்ற துளை இருந்தால் அதில் செருகுங்கள், ஆம்பின் சொந்தக் குணம் குறுக்கே வராது. மிக்ஸருக்குத் தனி லைன் போகிறதென்றால் அதற்கு மட்டும் கேபினெட் இருக்கட்டும்.

கேள்வி (பெரம்பூர்): என்னதான் சொன்னாலும் வால்வு ஆம்புக்கு ஈடாகுமா?

பதில்: ரெக்கார்டிங்கில், மற்ற வாத்தியங்களோடு கலந்த பிறகு, எனக்கே பல நேரம் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. 1998-இல் லைன் 6 கம்பெனியின் பாட் என்ற மாடலர் வந்தபோது நிலைமை இப்படி இல்லை, இப்போது நிறைய தூரம் வந்துவிட்டோம். ஒரே அறையில் ஆம்ப் பக்கத்தில் நின்று வாசிக்கும்போது காற்று வந்து காலில் மோதுமே, அது மட்டும் ஹெட்போனில் வராது. ஐ.ஆர். தருவது மைக் கேட்ட சத்தம், அறையில் நின்ற உங்கள் காது கேட்ட சத்தம் இல்லை. நிறையப் பேர் இதைப் புரிந்துகொள்ளாமல் மாடலரைக் குறை சொல்கிறார்கள். வால்வு ஆம்ப் வாங்கினால் ஒன்று நினைவிருக்கட்டும், ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோடோ இணைக்காமல் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேள்வி (திருவொற்றியூர்): லேப்டாப்பில் வாசித்தால் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல். எந்த ஆம்ப் மாடல் போட்டாலும் போகவில்லை.

பதில்: முதலில் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் வாசித்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் வீட்டு எர்த்தில் கோளாறு இருக்கலாம், அல்லது சார்ஜரே காரணமாக இருக்கலாம். நிற்கவில்லை என்றால் கிட்டாரோடு மெல்லத் திரும்புங்கள், ஒரு பக்கம் திரும்பும்போது குறைந்தால் சிங்கிள் காயில் பிக்கப் மின்காந்த அலையைப் பிடிக்கிறது. கூடவே கரகரப்பும் இருந்தால் கேபிள் ஜாக்கைத் துடையுங்கள், கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். இரைச்சலுக்குப் பயந்து பிளக்கின் மூன்றாவது பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். கிட்டார் கம்பியில் கை வைக்கும்போது உங்களைக் காப்பது அதுதான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.