செய்தித்தாள் படித்தவர் ஜூரராக அமரலாமா?

கேள்வி: அமெரிக்காவில் கொலை வழக்குகளில்கூடப் பொதுமக்களிலிருந்து எடுக்கப்படும் ஜூரர்களே தீர்ப்புச் சொல்கிறார்கள். ஊரே பேசும் வழக்கைப் பற்றி அவர்களும் முன்பே படித்திருப்பார்கள் அல்லவா? அவர்களுடைய நடுநிலைக்கு என்ன உத்தரவாதம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வழக்கைப் பற்றி எதுவுமே கேள்விப்படாதவர்தான் ஜூரராக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்பதில்லை. கேள்விப்பட்டதை ஒதுக்கிவிட்டு, நீதிமன்றத்தில் வரும் சாட்சியத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியுமா என்றுதான் பார்க்கிறது. 'முடியும்' என்று ஜூரரே வாக்குக் கொடுத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. இந்தியானா மாநிலக் கொலை வழக்கு ஒன்றில் ஜூரர்கள் பன்னிருவரில் எட்டுப் பேர், விசாரணை தொடங்கும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளிதான் என்று எண்ணியிருந்தும் நடுநிலை காப்பதாகச் சொன்னார்கள். 1961இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் மரண தண்டனையை ரத்து செய்தது.

இதில் ஜூரரின் மனசாட்சியைவிட நீதிபதியின் கண்டிப்புக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து. மனைவியைக் கொன்றதாக டாக்டர் சாம் ஷெப்பர்ட் மீது 1954இல் கிளீவ்லாந்தில் நடந்த வழக்கைப் பாருங்கள். ஜூரர் தேர்வுக்கு அழைக்கப்பட்ட 75 பேரின் பெயரையும் முகவரியையும் உள்ளூர்ப் பத்திரிகைகள் அச்சிட, அவர்களுக்குக் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வந்து குவிந்தன. நிருபர்களுக்கென்று நீதிமன்றத்தின் உள்ளேயே போடப்பட்ட நீண்ட மேசையின் ஒரு முனை, ஜூரர் இருக்கைகளிலிருந்து மூன்றடிகூடத் தள்ளி இல்லை. தனி அறையில் தீர்ப்பை ஆலோசித்துக்கொண்டிருந்த நாட்களிலும் ஜூரர்கள் வெளியே தொலைபேசியில் பேச அனுமதிக்கப்பட்டார்கள். யாரிடம் பேசினார்கள் என்பதற்குப் பதிவே இல்லை. ஆயுள் தண்டனை பெற்ற ஷெப்பர்ட்டின் தீர்ப்பை 1966இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, விசாரணையைத் தள்ளிவைப்பது, வேறு ஊருக்கு மாற்றுவது, ஜூரர்களை வெளியுலகத் தொடர்பின்றித் தங்கவைப்பது போன்ற வழிகளை விசாரணை நீதிபதி பயன்படுத்தவில்லை என்று குறை கூறியது. அதே ஆண்டு நடந்த மறுவிசாரணையில் அவர் விடுதலையானார்.

தேர்வின்போது இரு தரப்பு வழக்கறிஞர்களும் காரணமே சொல்லாமல் சிலரை நீக்கலாம். இந்த உரிமையைக் கறுப்பின மக்களை ஜூரியிலிருந்து விலக்கவே அரசுத் தரப்பு பயன்படுத்திவந்ததால், இனத்தைக் காரணமாகக் கொண்டு நீக்கக் கூடாது என்று 1986இல் தீர்ப்பு வந்தது. இப்போதும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி நீக்குவது நடக்காமலில்லை. இங்கிலாந்து இந்த உரிமையையே எடுத்துவிட்டது. வழக்கைப் பற்றி ஜூரர் இணையத்தில் தேடினால் அங்கே 2015 முதல் அது தனிக் குற்றம்.

நம் நாட்டில், மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் சிக்கிய கடற்படை அதிகாரி நானாவதியை 1959இல் குற்றமற்றவர் என்று ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னபோது, பம்பாய் செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்க மறுத்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருந்தது; உயர் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அமெரிக்காவில் ஜூரி ஒருவரை விடுவித்துவிட்டால் அதற்கு மேல் முறையீடே கிடையாது. எனவேதான் பெரிய வழக்குகளில் சாட்சி விசாரணை தொடங்குவதற்கு முன், ஜூரர்களைத் தேர்ந்தெடுக்கவே அங்கே வாரக்கணக்கில் செலவிடுகிறார்கள்.