வெள்ளவத்தை ஃபிளாட்டை விற்கும் முன்

அம்மா, உங்கள் மகள் இரண்டாம் முறையும் ஏ.எல். எழுதி, மருத்துவ பீடத்துக்கு எடுபட இசட் புள்ளி போதவில்லை. லண்டன் மாமா கோல் எடுத்து, "வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கட்டும், நரம்பியல் நிபுணராக வரட்டும்" என்கிறார். அதற்கு ஃபிளாட்டை விற்கலாமா என்று கேட்டீர்கள். உங்கள் தவிப்பு விளங்குகிறது. ஆனால் விற்க வேண்டாம்.

மாலையில் தனியார் மருத்துவமனையில் காசு கட்டிச் சேனலிங்கில் காண்கிற நிபுணர் வந்த வழியைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். 5 வருடம், உள்ளகப் பயிற்சி 1 வருடம். பிறகு கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, பொது மருத்துவத்தில் எம்.டி. என்ற பட்டப்பின் பட்டம். அதற்கும் பிறகுதான் நரம்பியலில் சிரேஷ்ட பதிவாளர் (சீனியர் ரெஜிஸ்ட்ரார்) பயிற்சி, அதில் ஒரு பகுதி வெளிநாட்டில். முப்பது வயது தாண்டிவிடும். வெளிநாட்டுப் பட்டத்தோடு வருபவருக்கு உள்ளகப் பயிற்சிக்கு முன்பே, இங்கே பதிவு பெறுவதற்கான இலங்கை மருத்துவ சபையின் ஈ.ஆர்.பி.எம். பரீட்சை காத்திருக்கும். ஃபிளாட் காசு முதல் படியோடு முடிந்துவிடும்.

மகளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பிடித்த பாடம் பௌதிகவியல்; பழுதான ரேடியோவைக் கழற்றிப் பூட்டுகிறாள்; அம்மம்மாவோடு மணிக்கணக்கில் பொறுமையாக இருக்கிறாள். இந்தக் கைக்கு ஏற்ற வேலை அதே நரம்பியல் பிரிவிலேயே இருக்கிறது: ஈ.ஈ.ஜி. ரெக்கார்டிஸ்ட், அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்பவர்.

வலிப்பா, வெறும் மயக்கமா என்று நிபுணர் முடிவெடுக்க உதவும் பதிவை எடுப்பவர் இவர். மூக்கடிப் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை டேப்பால் அளப்பார். 36 சென்டிமீட்டர் என்றால் முதல் குறி அதில் பத்தில் ஒரு பங்கான 3.6இல், அடுத்தவை ஐந்தில் ஒரு பங்கான 7.2 இடைவெளியில். இப்படி நெடுக்கும் குறுக்கும் அளந்து தலையில் 19 இடம், காதுகளில் இரண்டு என்று மின்முனைகளை ஒட்டுவார். ஒவ்வொன்றிலும் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வரவேண்டும். நம் ஆட்களின் தலையில் தேங்காய் எண்ணெய் இருக்கும். முதல் நாளே ஷாம்பு போட்டுக் கழுவச் சொல்லாவிட்டால் தடை இறங்காது, 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சல் பதிவை மூடிவிடும். குறைந்தது 20 நிமிடப் பதிவு. இடையில் 3 நிமிடம் ஆழ்ந்து மூச்சிழுக்க வைத்து, மின்னும் விளக்கும் காட்டுவார். கண் சிமிட்டலை மூளை அலையென்று விட்டுவிட்டால் நோயாளி வருடக்கணக்கில் வேண்டாத மாத்திரை விழுங்க நேரலாம்.

கை, கால் நரம்புகளில் மின்துடிப்பு போகும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனையும் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. ஏசி அறையில் கை 32 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் நரம்பின் வேகம் குறைந்து தெரியும், இல்லாத நோய் ரிப்போர்ட்டில் ஏறும். கையைச் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். இந்தக் கவனம் உங்கள் மகளிடம் இருக்கிறது.

சம்பளம் நிபுணருடையதுக்குக் கிட்டவும் வராது; அதை மாமாவிடம் மறைக்காதீர்கள். சுகாதார அமைச்சின் பயிற்சி விளம்பரங்களுக்கு அரச வர்த்தமானியைப் பார்த்துவாருங்கள். தனியார் கோர்ஸ் என்றால், அந்தச் சான்றிதழைப் பதிவுக்கு ஏற்பார்களா என்று மருத்துவ சபையிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் கையில் வரும்வரை ஒரு சதமும் கட்டாதீர்கள்.