சின்ன வயதில் விளையாடிய சீன டூப்ளிகேட் டிவி கேமை 'எனக்குப் பிடித்த கன்சோல்' என்று சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். யாரும் வந்து பில் கேட்கப் போவதில்லை.

கேட்டவர் யாரோ பிளேஸ்டேஷன் வைத்திருந்த நண்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். "அதெல்லாம் கன்சோலே கிடையாது, சைனா காப்பி" என்று ஒருவர் சொல்லியிருப்பார். எனக்கும் அப்படி ஒரு நண்பர் உண்டு. அவருக்குத் துபாயில் ஒரு சித்தப்பா. நமக்கு அந்த வசதி இல்லை.

நான் கிருஷ்ணகிரியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த டூப்ளிகேட் செட்டுகளில் ஏழெட்டைக் கழற்றிப் பார்த்தவன் என்ற முறையில் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நிண்டெண்டோ என்ற ஜப்பான் கம்பெனி 1983 ஜூலையில் தன் நாட்டில் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியை வெளியிட்டது. நமக்கு வந்ததெல்லாம் அதன் நகல். திறந்தால் பலகையின் நடுவில் கருப்பாக, உருக்கி ஊற்றிய தார் மாதிரி ஒரு பொட்டு இருக்கும். ஃபேமிகாமில் தனித்தனி சிப்கள் பார்த்த வேலை முழுவதையும் அந்த ஒரு பொட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். கேசட் செருகுகிற இடத்தில் அதே 60 பின். ஓடுகிற விளையாட்டுக்கு, தான் ஒரிஜினல் பெட்டியில் ஓடுகிறதா டூப்ளிகேட்டில் ஓடுகிறதா என்பதே தெரியாது. "காலாவதியான குப்பையை விளையாடினீர்கள்" என்று யாராவது சொன்னால், ஜப்பான்காரர்களே ஃபேமிகாம் தயாரிப்பை 2003ல்தான் நிறுத்தினார்கள் என்று சொல்லுங்கள். நாங்கள் விளையாடியது 1998ல்.

கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இனி வருவது என் கதை. நேரமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம். நிப்பட்டுக்குப் பேர் போன ஊர். அப்போது நாங்கள் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல். நைனா ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதினார். (வீட்டில் பாதி தெலுங்கு, அதனால் அப்பா நைனா, பாட்டி அவ்வா.) 98 சீசனில், ஏப்ரல் கடைசியிலிருந்து ஸ்கூல் திறக்கும் வரை, நானும் அக்காவும் மண்டிக்குப் போனோம். பெங்களூரா காயில் அடிபட்டதைத் தனியாகப் பொறுக்கிப் போடுகிற வேலை. எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதிமூன்று. குழந்தைத் தொழிலாளர் அது இது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். லீவில் எங்கள் தெருவே அங்கேதான் இருந்தது. நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மதியம் நிழலில் தூங்கினோம். பால் பட்டுக் கை அரித்தது, அதைத் தவிர எந்தக் கொடுமையும் நடக்கவில்லை.

சேர்ந்த காசு நானூற்றுச் சொச்சம். லாரி ஓட்டுகிற எங்கள் மாமா பெங்களூருக்கு லோடு அடித்துவிட்டுத் திரும்பும்போது மெஜஸ்டிக் பக்கம் ஒரு கடையில் செட்டை வாங்கி வந்தார். அட்டைப்பெட்டியின் மேல் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரன் நிற்பான். உள்ளே இருந்த எந்த விளையாட்டிலும் அவன் வரவில்லை. கம்பெனி பெயர் என்று ஒன்று எங்குமே இல்லை. கூடவே ஒரு '9999 இன் 1' கேசட். எண்ணிப் பார்த்தால் பதினைந்து விளையாட்டு தேறும். மீதியெல்லாம் அதே விளையாட்டுதான், வேறு வேறு கட்டத்தில் தொடங்கும்.

மாமா லாரியில் கொண்டு வந்தார் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் விட மனசில்லை. பெங்களூர் எங்களுக்குத் தொண்ணூறு, நூறு கிலோமீட்டர். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். இருந்த தண்டவாளமும் போய் எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ரயில் வரும் என்கிறார்கள். தேர்தல்தான் வருகிறது. என் மகளை காலேஜில் விடப் போகும்போதெல்லாம் ஜோலார்பேட்டைக்கு பஸ் பிடிக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டில் இருந்தது கருப்பு வெள்ளை சாலிடேர் டிவி. ஆண்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செட்டின் ஒயரை மாட்ட வேண்டும். அப்புறம் ட்யூனிங் சக்கரத்தை நகத்தால் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். புள்ளி மழைக்கு நடுவில் சத்தம் முதலில் வரும், படம் பிறகு வரும். இந்த வேலையில் அக்காதான் கில்லாடி. அவளுக்கு நகம் நீளம். கேசட் ஓடாவிட்டால் எல்லோரையும் போல ஊதுவோம். ஊதுவதால் ஒன்றும் ஆகாது, எச்சில் ஈரம் பட்டுப் பின்தான் கெடும், கழற்றி மறுபடி மாட்டியதில்தான் ஓடியது என்று தொழிலுக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன். இப்போதும் என் கடைப் பையன் சார்ஜிங் போர்ட்டை வாயால் ஊதினால் திட்டுவேன்.

தசரா லீவில் கிருஷ்ணகிரி ஃபேன்சி ஸ்டோர் ஒன்றில் கான்ட்ரா கேசட்டை நூற்று இருபது ரூபாய்க்கு வாங்கினோம். அதிலிருந்து மற்ற விளையாட்டெல்லாம் சும்மா.

விளையாடாதவர்களுக்காக: துப்பாக்கியோடு இரண்டு பேர் ஓடுவார்கள். மொத்தம் எட்டுக் கட்டம். ஆளுக்கு மூன்று உயிர். ஒருவனுக்கு நீல பேன்ட், இன்னொருவனுக்கு சிவப்பு பேன்ட். எங்கள் டிவியில் இரண்டும் சாம்பல். யார் எது என்று தெரிவதற்காக, தொடங்கியதும் அக்கா ஒரு தடவை சும்மா குதித்துக் காட்டுவாள். ஒருவனுக்கு உயிர் தீர்ந்துபோனால் ஏ பட்டனை அழுத்தி மற்றவன் கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நான் அவளிடம் எடுத்துக்கொண்டே இருப்பேன். கேட்டுவிட்டு எடுப்பதெல்லாம் கிடையாது.

மூன்றாவது கட்டம் அருவி. பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். ஒருவன் வேகமாக ஏறிவிட்டால் திரையும் அவனோடு மேலே போய்விடும். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். இதைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

சாயங்காலம் தெருப் பையன்கள் ஆறேழு பேர் எங்கள் முன் ரூமில் இருப்பார்கள். அக்கா முன்னால் உட்கார்ந்து ஆடுவாள், பின்னால் பையன்கள் கத்துவார்கள். ஆனால் ஐந்தாவது கட்டத்தைத் தாண்டியவர் யாருமில்லை, அவள் உட்பட. அது பனிக்கட்டம். மேலிருந்து உருளை உருளையாக எதையோ போட்டுக்கொண்டே இருப்பான்.

99 பிப்ரவரியில் அக்கா பெரிய மனுஷி ஆனாள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன் பச்சை ஓலை வெட்டி வந்து குடிசை கட்ட வேண்டும். டிவி கேம் வாங்கி வந்த அதே மாமா, லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்து, முன் ரூம் மூலையிலேயே கட்டினார். வராண்டாவில் இடமில்லை. ஒன்பது நாள் அதற்குள்தான் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர், ஸ்கூல் கிடையாது. பையன்கள் வாசலோடு நிறுத்தப்பட்டார்கள். (வழக்கத்தை நான் நியாயப்படுத்துகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்கு நாங்கள் ஓலை கட்டவில்லை, அதற்கு என் அம்மா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.)

குடிசையின் வாசல் டிவியைப் பார்த்த மாதிரி இருந்தது. மாமா வேண்டுமென்றே அப்படிக் கட்டினாரா என்று கேட்க இன்று அவர் இல்லை.

இரண்டாவது நாள் அக்கா பேடை, அதாவது கையில் பிடித்து ஆடுகிற பட்டன் கட்டையை, கேட்டாள். வீட்டில் பெரிய விவாதம். அவள் தொட்டதை நான் தொட்டால் எனக்குத் தீட்டு, நான் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் சோறு சாப்பிட வேண்டும். "பிளாஸ்டிக்குக்கு ஏதுங்க தீட்டு" என்று அம்மா சொல்லிப் பார்த்தார். கடைசியில் அவ்வாதான் தீர்ப்பு சொன்னார்: "ஒரு கட்டை அவளுக்கு, ஒரு கட்டை இவனுக்கு. நடுவுல இருக்கிற டப்பாவுக்குத் தீட்டு இல்ல. ஓடுற தண்ணிக்குத் தீட்டு கிடையாது, கரண்டும் ஓடுதில்ல?"

எனக்கு இரண்டாவது பேட் வந்தது. அதில் பி பட்டன் பாதி செத்தது. நான் ஸ்கூலுக்குப் போய்விடுவேன். அக்காவுக்குக் காலையிலிருந்து மாலை வரை உளுந்தங்களியும் கான்ட்ராவும்தான்.

அவளுடைய அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பிறகு பார்த்தேன். பென்சிலில் கோடு போட்டு, கட்டம் கட்டமாக எழுதியிருந்தாள். 'பனி – இரண்டாவது மேடு – நின்றால் சாவு, ஓடினாலும் சாவு, உட்கார்.' 'ஆறாவது கட்டம் – நெருப்பு மேலே போனதும் எண்ணு 1 2, ஓடு.' விசிறி மாதிரி விரித்துச் சுடுகிற எஸ் துப்பாக்கி எங்கே பறந்து வரும் என்று அம்புக்குறி. பரீட்சைக்குக்கூட அவள் அப்படிப் படித்ததில்லை.

ஏழாவது நாள் ஸ்கூல் விட்டு வருகிறேன், டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் எதுவும் அசையவில்லை. அக்கா குடிசைக்குள் பேடை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறாள். எட்டாவது கட்டம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி நிறுத்தி வைத்திருக்கிறாள். கையில் ஒரே உயிர்.

"எவ்ளோ நேரமா?"

"மூணு மணியிலேருந்து. நீ பாக்கணும் இல்ல? உக்காரு, அடாப்டரைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. கரண்டு போயிருந்தால் அவ்வளவும் போயிருக்கும். அப்போதெல்லாம் சொல்லிக்கொண்டா போகும்? ஒன்றரை மணி நேரம் அந்தப் பயத்தோடு எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். நான் பையைக்கூடக் கழற்றாமல், ஓலையில் பட்டுவிடாமல் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். அவள் ஸ்டார்ட்டை அழுத்தினாள்.

கடைசியில் ஒரு பெரிய இதயம் துடித்துக்கொண்டிருக்கும். சுற்றி முட்டைகள், அதிலிருந்து பூச்சிகள் வரும். அதை அவள் அடித்த விதத்தை எழுத எனக்கு வராது. பட்டன் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது, தையல் மிஷின் மாதிரி. இதயம் வெடித்தது. ஹெலிகாப்டர் பறந்தது, தீவே வெடித்தது, பெயர்கள் ஓடின. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. சமையலறையிலிருந்து அவ்வா, "சத்தம் நின்னுடுச்சே, கெட்டுப் போச்சா?" என்றார்.

"30 உயிர் கோட் போட்டிருப்பாள்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: மேல் மேல் கீழ் கீழ் என்று வரிசையாகப் பட்டனை அழுத்தினால் மூன்றுக்குப் பதில் முப்பது உயிர் தரும் அந்தக் கோட் எங்களுக்கு அப்போது தெரியவே தெரியாது. பல வருடம் கழித்து பிரவுசிங் சென்டரில்தான் படித்தேன். கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற ஜப்பான்காரர் 1986ல் ஃபேமிகாமுக்கு வந்த கிரேடியஸ் விளையாட்டைச் சோதித்துப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று தனக்காக வைத்துக்கொண்டதாம், அதுவே பிறகு கான்ட்ராவிலும் வந்ததாம். செய்தவருக்கே தேவைப்பட்டிருக்கிறது. அக்காவுக்குத் தேவைப்படவில்லை.

இனி நான் செய்தது. மறுநாள் ஸ்கூலில், கான்ட்ராவை நான் முடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

யாரும் நம்பவில்லை. "கடைசியில என்ன வரும் சொல்லு" என்றார்கள். சொன்னேன். இதயம், முட்டை, ஹெலிகாப்டர், தீவு. இன்டர்நெட் இல்லாத காலத்தில் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் நோட்டில் எழுதியிருந்ததையும் மனப்பாடமாக ஒப்பித்தேன். ஒரு பையன் எனக்கு ஜவ்வு மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். ஆடிக் காட்டு என்று யாரும் கேட்க முடியாது, ஏனென்றால் அதன் பிறகு பையன்கள் எங்கள் வீட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்தது. எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. அக்காவுக்கு அது என்னவாக இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. செட்டு டூப்ளிகேட் என்கிறீர்களே, அந்த வீட்டிலேயே பெரிய டூப்ளிகேட் நான்தான்.

அடுத்த வருடம் அடாப்டர் புகைந்தது, கூடவே செட்டும் போயிற்று. அக்கா படித்து, இப்போது ஓசூரில் லேப் டெக்னீஷியன். எனக்கு இப்போது சொந்தக் கடை, வீட்டில் கலர் டிவி, சாம்பல் பேன்ட் பிரச்சினை கிடையாது. போன மாதம் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன், "நம்ம கிளாஸ்ல கான்ட்ராவ முதல்ல முடிச்சது இவன்தான்டா" என்று என்னை டேக் செய்தான். முப்பது பேர் கைதட்டு பொம்மை போட்டார்கள். நானும் ஒரு சிரிப்பு பொம்மை போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். இந்தக் கேள்வி கண்ணில் பட்டபோது அதுதான் உறுத்தியது.

எழுதியதைப் பதிவிடும் முன் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் பெயரில்லாமல்தான் எழுதியிருக்கிறேன், இருந்தாலும் கேட்க வேண்டுமல்லவா. பதினோரு விநாடி வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஏதோ மெஷின் சத்தம்.

"போட்டுக்கோடா, எனக்கென்ன. ஆனா அருவிக் கட்டத்துல கோவம் வந்தா என்னைக் கீழ விட்டுட்டு நீ மட்டும் மேல ஏறுவியே, அதை மட்டும் அழகா முழுங்கிட்ட. அதையும் எழுதிட்டுப் போடு."

ஏறியிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.