அந்த 2014 பிஎம்டபிள்யூவை எடுக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிப் போட்டுவிடுகிறேன், வாசிக்கிற மற்ற ஆட்களுக்கும் விளங்கும். கனடா வந்து 14 மாதம். ஸ்காபரோவில் பேஸ்மென்ற் வாடகை, மார்க்கம் நகரில் வேலை, ஜீ2 லைசென்ஸ் (முழு லைசென்ஸான ஜீக்கு முந்திய கட்டம்), கையில் 15,000 டொலர் சேமிப்பு, ஒரு கைக்குழந்தை. 140,000 கிலோமீற்றர் ஓடிய 2014 பிஎம்டபிள்யூ 328ஐ எக்ஸ்டிரைவ் ஒன்றைத் தனியார் ஒருவர் 12,500க்குக் கொடுக்கத் தயார். "இதே காசுக்குப் பழைய கொரொலாதான் வருகுது, இது எவ்வளவு பெரிய கார்! எடுக்கலாமா?"

இந்தக் காரை எடுக்க வேண்டாம். பிஎம்டபிள்யூவே ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. 328ஐ சேரும் 3 சீரிஸை விரும்பி எடுத்து ஒழுங்காகப் பார்த்து வருடக்கணக்காக ஓடுகிற ஆட்கள் இந்த ஊரில் நிறைய. ஆனால் அவர்கள் "கார் விலை" என்று மனதில் வைத்திருக்கிற தொகை வேறு, நீங்கள் வைத்திருக்கிற தொகை வேறு. இது புதிதாக 45,000 டொலருக்கு மேல் விற்ற கார். இப்போது அதே கார் 12,500க்கு இறங்கிவிட்டது. அதன் பம்ப், சென்சர், முன் லைற், அவற்றைக் கழற்றிப் பூட்டுகிற கூலி எதுவும் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. நாலு வருடம் அல்லது 80,000 கிலோமீற்றர் என்ற கம்பனி வொறன்ரி முடிந்து கன காலம். அதனால்தான் அது கொரொலா விலைக்கு நிற்கிறது.

ஆசைப்பட்டதில் பிழை இல்லை. நிறையை முன்னுக்கும் பின்னுக்கும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதியாகப் பிரித்து வைத்த கார் இது. ஹைவே ஏறும் வளைவில் ஒருமுறை திருப்பினாலே வித்தியாசம் தெரியும். 8 கியர் ஒட்டோமற்றிக், ஸீஎஃப் கம்பனியின் பெட்டி, இந்த வகைக் கார்களில் மிகத் திறமானவற்றில் ஒன்று. 401 ஹைவேயில் நீண்ட தூரம் போனாலும் முதுகு நோகாத இருக்கை. எக்ஸ்டிரைவ் என்றால் நாலு சில்லும் இழுக்கும், அதனால் ஸ்னோவில் புறப்படுவதும் சுகம். ஆனால் நிற்பதற்கு எக்ஸ்டிரைவ் ஒரு உதவியும் செய்யாது. நிறுத்துவது ரயர் மட்டும்தான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கிற காரின் உண்மையான சிக்கல் அதன் எஞ்சின். 2012இல் இருந்து வந்த 328ஐயில் இருப்பது என்20 என்ற 2 லீற்றர் ரேர்போ எஞ்சின். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது அதன் ரைமிங் செயின். அந்தச் செயின் ஓடுகிற வழிகாட்டித் துண்டுகள் பிளாஸ்ரிக். சூட்டில் அந்தப் பிளாஸ்ரிக் காய்ந்து வெடித்து, துண்டு துண்டாக உடைந்து ஒயில் பானுக்குள் விழும். செயின் தளரும், அல்லது துண்டுகள் ஒயில் இழுக்கும் வாயை அடைக்கும். செயின் பாய்ந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதும், எஞ்சின் முடிந்தது. முன்கூட்டி மாற்றினாலே ஆயிரக்கணக்கில் போகும் வேலை. பிந்தினால் காரின் விலையையே தொட்டுவிடும். 2015 தொடக்கத்துக்குப் பிறகு தயாரான எஞ்சின்களில் இந்தப் பாகத்தை மாற்றிவிட்டார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். 2014 காரில் அது என்ன சொல்லும் என்பது உங்களுக்கே தெரியும். செயின் மாற்றியதற்கு எழுத்தில் பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றுதான் எடுக்கவேண்டும்.

அடுத்தது ஒயில் கசிவு. வால்வு கவர் காஸ்கெற், ஒயில் ஃபில்ரர் ஹவுசிங் காஸ்கெற், அதாவது ஒயில் வெளியே வராமல் அடைக்கும் ரப்பர்கள், இரண்டும் இந்த வயதில் காய்ந்து கசியத் தொடங்கும். காஸ்கெற் மலிவு, அதற்குப் போய்ச் சேருகிற கூலிதான் அடி. "கொஞ்சம் கசிவு, பரவாயில்லை" என்று விற்பவர் சொல்வார். இதே 3 சீரிஸின் 335ஐ காரில் வருகிற என்55 எஞ்சினில் அந்தக் கொஞ்சம் ஒயில் பெல்ற்றில் விழுந்து, பெல்ற் நழுவி, முன் சீலுக்குள்ளால் எஞ்சினுக்குள்ளேயே இழுபட்ட கேஸ்கள் உண்டு. 328ஐயில் இன்னொரு தலையிடி, ஒயில் பார்க்கிற கம்பி கிடையாது. திரையில்தான் பார்க்கவேண்டும். அந்தத் திரை 16,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் ஒயில் மாற்றினால் போதும் என்று காட்டும். அதை நம்பி ஓடிய கார்கள்தான் செயின் பிரச்சினையோடு கராஜுக்கு வருகிறவை. 8,000க்கு ஒருதரம், பிஎம்டபிள்யூ அங்கீகரித்த எல்எல்-01 தர ஒயில், ஏறத்தாழ 5 லீற்றர். கடையில் மலிவாகக் கிடைக்கிற ஏதாவது 5டபிள்யூ-30 அல்ல.

கியர்பொக்ஸ் ஒயில் ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று டீலர் சொல்வார். பெட்டியைச் செய்த ஸீஎஃப் கம்பனியே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. அதில் பானும் ஃபில்ரரும் ஒரே பிளாஸ்ரிக் துண்டு, ஃபில்ரரை மட்டும் தனியாக மாற்ற முடியாது. பற்றரியும் அப்படித்தான், சும்மா கழற்றிப் பூட்ட ஏலாது. பின் டிக்கிக்குள் இருக்கிற புதுப் பற்றரியைக் காரின் கொம்பியூற்றரில் பதிவு செய்யவேண்டும், இல்லாவிட்டால் பழைய பற்றரிக்குச் சார்ஜ் பண்ணுகிற மாதிரியே பண்ணி அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். கொரொலா திருத்துகிற தெருமுனைக் கராஜில் அந்தக் கருவி இருக்குமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி ரயர். புதிதாக வந்தவர்கள் கணக்கில் எடுக்காத செலவு இதுதான். இந்தக் காரில் ஸ்பெயர் ரயர் இல்லை. கம்பனி பூட்டி அனுப்பியது ரன்ஃபிளாற், அதாவது காற்றுப் போனாலும் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாமல் 80 கிலோமீற்றர் தூரம் ஓடலாம். பிறகு பல கடைகள் அதை ஒட்ட மாட்டார்கள், புதிது போடு என்பார்கள். சாதாரண ரயரை விட விலை கூட, குண்டும் குழியுமான ரோட்டில் இடுப்பில் தெரியும். எக்ஸ்டிரைவ் காரில் இன்னொரு நிபந்தனை: நாலும் ஒரே பிராண்ட், ஒரே மொடல், தேய்மானமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்று மட்டும் புதிது, மற்றது பாதி தேய்ந்தது என்றால் சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அதைச் சமாளித்துச் சமாளித்தே தேயும். மெதுவாக எடுக்கும்போது கார் வெட்டி வெட்டி இழுத்தால் அதுதான் அறிகுறி.

வின்ரர் ரயர் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, கியூபெக்கில் கட்டாயம். என்றாலும் இந்தக் காருக்குப் போடாமல் விடாதீர்கள். மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் இருக்கிற சின்னம் பொறித்த ரயர், 225/50 ஆர்17 அளவில், தனி றிம்மோடு ஒரு செற். 2016இல் இருந்து இங்கே எல்லா இன்சூரன்ஸ் கம்பனியும் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுக்கவேண்டும் என்பது விதி. நீங்களாகக் கேட்டால்தான் போடுவார்கள். பழைய றிம் செற் வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. 2012இல் வந்த எஃப்30 வடிவத்துக்கு ஐந்து போல்ற், 120 மில்லிமீற்றர் வட்டம். 2019இல் வந்த ஜி20 வடிவத்துக்கு 112. இரண்டையும் "3 சீரிஸ் றிம்" என்றுதான் விளம்பரம் போடுவார்கள், ஒன்றுக்கு மற்றது ஏறாது. எம் ஸ்போர்ட் பெரிய பிறேக் உள்ள காரில் 17 அங்குல றிம்மே ஏறாமல் போகலாம்.

பெற்றோல் 91 ஒக்ரேன் தரம். சாதாரண 87 அடித்து ஓடுவதற்கு இது கொரொலா இல்லை. லீற்றருக்கு 20 சதம் கூட என்று வைத்தாலும், வருடம் 15,000 கிலோமீற்றர், 100க்கு 9 லீற்றர் என்றால் 1,350 லீற்றர், 270 டொலர் மேலதிகம். மற்றவற்றோடு பார்த்தால் இது சின்னக் கணக்கு.

இன்சூரன்ஸ்தான் பெரிய கணக்கு. ஸ்காபரோ, பிரம்ரன் தபால் குறியீடுகளுக்குக் கட்டணம் கூட, அதோடு ஜீ2, அதோடு இங்கத்தை அனுபவம் ஒரு வருடம். ஊரில் பத்து வருடம் ஓடியதைப் பெரும்பாலான கம்பனிகள் கணக்கில் எடுப்பதில்லை. காருக்கு ஒரு சதம் கொடுக்க முதல் விஐஎன் என்ற அதன் அடையாள இலக்கத்தை வாங்கி, ஒரு புரோக்கரிடம் அந்தக் காருக்கும் ஒரு கொரொலாவுக்கும் ஒரே நாளில் விலை கேளுங்கள். வருடத்துக்கு எவ்வளவு வித்தியாசம் என்று எழுதிவைத்து மூன்றால் பெருக்குங்கள். ஜீ லைசென்ஸுக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு: இலங்கை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலோ தூதரகத்திலோ உங்கள் லைசென்ஸ் அனுபவத்தைக் கடிதமாக எடுத்து ட்ரைவ்ரெஸ்ற் என்ற லைசென்ஸ் பரீட்சை நிலையத்தில் காட்டினால், 24 மாதத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு, ஜீ2 காத்திருப்புக் காலம் இல்லாமலே ஜீ ரெஸ்றுக்குப் போகலாம். காருக்கு முதல் அந்தக் கடிதத்தை எடுங்கள்.

தனியாரிடம் வாங்கினால் வரி விலைக்கு மட்டும் என்று நினைக்கக்கூடாது. 13 வீதம், அது நீங்கள் கொடுத்த விலைக்கும் றெட்புக் என்ற பழைய கார் விலைப் புத்தகத்தில் உள்ள மொத்த வியாபார விலைக்கும் இடையில் எது கூடவோ அதற்கு. 12,500க்கு வாங்கி, புத்தகத்தில் 14,000 என்றிருந்தால் கார் பதிகிற சேர்விஸ்ஒன்ராறியோ கந்தோரில் 1,820 டொலர் கட்டுவீர்கள். பில்லில் 5,000 என்று எழுதித் தருகிறேன் என்பவரை நம்பிப் பிரயோசனம் இல்லை, வரி குறையாது. விற்பவர் யூவிஐபி என்ற 20 டொலர் பழைய கார் விபரப் பொதியைத் தரவேண்டும், அது சட்டம். அதில் இருக்கிற கடன் விபரம் ஒன்ராறியோவுக்கு மட்டும். வேறு மாகாணத்தில் கடன், விபத்து இருந்ததா என்று பார்க்கக் கார்ஃபக்ஸ் அறிக்கை வேறாக எடுங்கள். சேஃப்ரி சேர்ட்டிபிக்கேற் 36 நாளுக்குத்தான் செல்லும். அது பிறேக், சஸ்பென்சன், ரயர், லைற் பார்க்கும், ரைமிங் செயினைப் பார்க்காது. "சேஃப்ரி பாஸ், எஞ்சின் நல்லம்" என்பது பொய். டீலரிடம் போனாலும் கையெழுத்து வைத்த பிறகு திருப்பிக் கொடுக்கிற காலம் என்று ஒன்று ஒன்ராறியோவில் இல்லை. டீலர் தலையில் கட்டுகிற நீடித்த வொறன்ரியில் சீல், காஸ்கெற் சேருமா, ஒரு திருத்தத்துக்கு உச்சத் தொகை எவ்வளவு என்ற இரண்டையும் வாசியுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டு வரியிலேயே விசயம் முடிந்துவிடும்.

பின் இருக்கையையும் பார்த்தீர்களா? குழந்தையின் பின்நோக்கிய சீற்றைப் பூட்டினால் அதற்கு முன் இருக்கையில் இருப்பவரின் முழங்கால் டாஷ்போர்ட்டைத் தொடும். நடுவில் ட்ரைவ்ஷாப்ற் ஓடுகிற மேடு இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து, எல்லோருமாக றிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் நாளில் அந்த நடு இடம் யாருக்கு என்று சண்டை வரும். கோயில் பார்க்கிங்கில் வைத்து எடுத்த படம் வட்ஸ்அப்பில் நல்லாய்த்தான் இருக்கும்.

என்னதான் செய்வது என்றால், இப்போது ஒரு கொரொலாவையோ சிவிக்கையோ எடுத்து ஓடுங்கள். ஜீயும் எடுத்து, இரண்டு மூன்று வருடம் சுத்தமான இன்சூரன்ஸ் பதிவும் சேர்ந்த பிறகு, 2017 அல்லது 2018 330ஐ பாருங்கள். அதில் இருப்பது பி46 எஞ்சின், என்20இன் செயின் வியாதி அதற்கில்லை. குளிரூட்டும் நீர் ஒழுக்கு மட்டும் கவனிக்கவேண்டும். காசு கூட இருந்தால் 2016க்குப் பிந்திய 340ஐ, ஆறு சிலிண்டர் பி58, இந்தக் கம்பனி செய்த நல்ல எஞ்சின்களில் ஒன்று. ஓட்டுகிற சுகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நிம்மதியாக இருக்க விரும்பினால் லெக்ஸஸ் ஐஎஸ். எதுவானாலும் காரின் விலைக்கு மேல் 4,000 டொலராவது திருத்தத்துக்கென்று வங்கியில் தொடாமல் கிடக்கவேண்டும். 15,000இல் 12,500ஐக் கொடுத்து 1,820 வரியும் கட்டினால் உங்களிடம் மிஞ்சுவது 680.

அதற்கு முதல் எப்படியும் ஒன்றைப் பார்க்கத்தான் போவீர்கள் என்று தெரியும். போகிற நாளில் விற்பவரிடம் "நான் வரும்வரை ஸ்ரார்ட் பண்ணவேண்டாம்" என்று சொல்லுங்கள். போனவுடன் பொனெற்றில் கையை வையுங்கள்; சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, ரேடியோவையும் காற்றாடியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வேகம் ஏற ஏற ஊளையிடுகிற மாதிரி மெல்லிய சத்தம் கூடினால் அது செயின் பக்கம். நாலு ரயரின் பக்கத்திலும் பொறித்த டிஓடி குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், தயாரித்த கிழமையும் வருடமும். வேறு வேறாக இருந்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸைச் சந்தேகியுங்கள். முன் லைற்றுக்குள் நீராவி படிந்திருக்கிறதா, கண்ணாடியில் கல்லடி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், இரண்டும் இந்தக் காரில் விலை கூடியவை. பிறகு பிஎம்டபிள்யூ மட்டும் திருத்துகிற கராஜுக்குக் கொண்டுபோய், அடியில் இருக்கிற பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவெல்லாம் அந்த மூடியில்தான் தேங்கி நிற்கும். நிலத்தில் ஒரு துளி இல்லை என்பதில் ஒன்றும் இல்லை. ஒயில் ஃபில்ரரைக் கழற்றி மடிப்புகளுக்குள் மண்ணிறப் பிளாஸ்ரிக் துகள் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். கொம்பியூற்றரில் பழுதுக் குறியீடுகள் நேற்றுத்தான் அழிக்கப்பட்டிருந்தால் அதையும் அவர்கள் சொல்வார்கள். கராஜுக்குக் கொண்டுபோக விற்பவர் சம்மதிக்காவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் எடுங்கள்.