சேலை பார்சல்: தபாலா, கூரியரா?

கேள்வி: சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். மாதம் அறுபது, எழுபது பார்சல் போகும். ஸ்பீடு போஸ்டில் போட்டால் சென்னை, கோவைக்காரர்கள் "லேட்" என்கிறார்கள். கூரியரில் போட்டால் கிராமத்துப் பார்சல்கள் திரும்பி வருகின்றன. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எதில் போடுவது என்பதைப் பின்கோடு பார்த்து முடிவு செய்யுங்கள்.

நகரத்தில் கூரியர் பையன் ஒரே தெருவில் பத்துப் பார்சல் கொடுத்துவிடுவார். கிராமத்தில் ஒரு சேலைக்காக பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டினால் பெட்ரோல் காசுகூடத் தேறாது. அதனால்தான் ஏஜென்ட் போன் போட்டு "டவுன் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கோங்க" என்கிறார். வாடிக்கையாளர் போக மாட்டார், பார்சல் உங்களிடமே திரும்பும். சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை, கணக்கு அப்படி.

தபால் துறைக்கு அந்தக் கணக்கு பார்க்கும் வசதி கிடையாது. நாடு முழுவதும் சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்கள், பத்தில் ஒன்பது கிராமங்களில். "மாரியம்மன் கோயில் பின்னாடி" என்று மட்டும் எழுதியிருந்தாலும் கிராமத் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே கிராமத்து முகவரி என்றால் யோசிக்காமல் ஸ்பீடு போஸ்ட். சென்னை, கோவை, பெங்களூரு என்றால் கூரியர். இடைப்பட்ட சிறு நகரங்களுக்குக் கூரியர் கடையில் பின்கோடைச் சொல்லி, "வீட்டு டெலிவரி உண்டா, ஆபீஸ் டெலிவரியா?" என்று கேளுங்கள். "சர்வீஸ் இருக்கு" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்த "லேட்". பெரும்பாலும் ஒரு நாளை நாம்தான் தொலைக்கிறோம். அஞ்சலகத்திலிருந்து தபால் பை கட்டிக் கிளம்ப ஒரு நேரம் உண்டு. அதற்குப் பத்து நிமிடம் பிந்திக் கொடுத்தால், ரசீதில் இன்றைய தேதி இருக்கும், பார்சல் மறுநாள்தான் நகரும். "பை எத்தனை மணிக்குப் போகும்?" என்று கவுன்ட்டரில் கேட்டு அதற்கு முன் போய்விடுங்கள். கிராமத்துச் சின்னக் கிளை அஞ்சலகத்தைவிட, அதற்கு மேலுள்ள துணை அஞ்சலகத்தில் போடுவது நல்லது. கிளை அஞ்சலகப் பை வேறொரு அலுவலகம் போய்த்தான் மேலே போக வேண்டும். கூரியரிலும் இதே கதைதான். ஒருமுறை மாலை ஏழு மணிக்கு ஒரு கூரியர் கடையில் கொடுத்த என் பொங்கல் வேட்டி, காணும் பொங்கலும் முடிந்த பிறகுதான் ஊர் போய்ச் சேர்ந்தது.

கட்டணத்தில் ஒரு சின்ன விஷயம். அரைக் கிலோவைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் எடையை அரைக் கிலோ படிகளில்தான் பார்ப்பார்கள். சேலை 480 கிராம் இருந்து, அட்டைப்பெட்டி அதை 520 ஆக்கினால் அடுத்த படிக்கான காசு போகும். பெட்டியை விட்டுக் கெட்டியான பிளாஸ்டிக் கவருக்கு மாறுங்கள், வீட்டில் ஒரு சமையல் தராசு வாங்கி வையுங்கள். பெரிய பெட்டிக்குக் கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வரும் கிலோ உண்மையான எடையைவிடக் கூடினால் அதற்குத்தான் காசு கேட்பார்கள். பஞ்சு மாதிரி இலேசான பொருள் அனுப்புகிறவர்களுக்குத்தான் அந்த அடி பலமாக விழும்.

தொலைந்துபோனால்? இரண்டு பக்கமும் முழு விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூரியர் ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால் தெரியும், பொறுப்பு ஒரு சொற்பத் தொகையோடு முடிந்துவிடும். விலை கூடிய பட்டுச்சேலை என்றால் மட்டும் காப்பீடு சேர்த்து அனுப்புங்கள்.

பணம் தராத மொத்த வியாபாரிக்கு நோட்டீஸ் விடுவது போன்ற காரியங்களுக்குத் தபால்தான். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டுடன் சேர்ந்துவிட்டது. கவுன்ட்டரில் "ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்து" என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்பீடு போஸ்ட் ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ.என். என்று ஒரு எண் இருக்கும். ரசீதைப் படம் எடுத்து அன்றே வாடிக்கையாளருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். "எங்கே வருது?" என்று உங்களுக்கு வரும் போன்களில் பாதி நின்றுவிடும்.