நேற்று வந்ததா, வந்திருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். லண்டன் பையருக்கு ‘ஹேவ் யூ ரிசீவ்டு த சாம்பிள் எஸ்டர்டே?’ என்று மெயில் போட்டேன். ‘டிட் யூ ரிசீவ்’ என்று மாற்றச் சொன்னார் மேனேஜர். போன வாரம் அவரே ‘ஹேவ் யூ ரிசீவ்டு த சாம்பிள்?’ என்றுதான் எழுதியிருந்தார். எதுதான் சரி?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

இரண்டு தடவையும் மேனேஜர் பக்கம்தான் நியாயம். வம்பு உங்கள் ‘எஸ்டர்டே’யில் இருக்கிறது.

இந்தத் தவறு தமிழிலிருந்து வருகிறது. காலையில் வாசல் ஈரத்தைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கு’ என்கிறோம். ‘2019-லேயே அவங்களுக்கு சரக்கு அனுப்பியிருக்கோம்’ என்கிறோம். நம் ‘இருக்கு’ எந்தத் தேதியோடும் ஒத்துப்போகும். ஆங்கில ‘ஹேவ்’ ஒத்துப்போகாது. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ என்று முடிந்துபோன நேரம் ஏதாவது வந்துவிட்டால் ‘டிட்’தான்.

‘வென்’ வந்தாலும் அப்படியே. ‘வென் ஹேவ் யூ டிஸ்பாட்ச்டு?’ என்று எழுதுகிறவர்கள் அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ‘எப்போ அனுப்பினீங்க?’ என்பது விசாரிப்பு. ‘எப்போ அனுப்பியிருக்கீங்க?’ என்றால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்.

நேரம் எதுவும் சொல்லாமல், சாம்பிள் இப்போது அவர் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் ‘ஹேவ்’. நம் ‘வந்தாச்சா?’ ஏறக்குறைய அதுதான். (‘நேற்றே வந்தாச்சு’ என்றும் நாம் சொல்வோம். அங்கேயும் தமிழை நம்பிப் போகாதீர்கள்.)

‘திஸ் மார்னிங்’தான் இதில் வேடிக்கை. காலை முடியாதவரை ‘ஹேவ் யூ சீன் மை மெயில் திஸ் மார்னிங்?’ மதியம் தாண்டினால் ‘டிட் யூ சீ’. சரி, யாருடைய காலை? நீங்கள் மாலை 4 மணிக்கு எழுதும்போது, கோடையில் லண்டனில் காலை 11.30. நானாக இருந்தால் படிக்கப்போகிறவரின் கடிகாரத்தைப் பார்த்து ‘ஹேவ்’ போடுவேன்.

அப்புறம், யெட், ஆல்ரெடி, ஜஸ்ட் வந்தால் பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ‘ஹேவ்’ பக்கம். அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஷிப் இட் யெட்?’ என்றும் சகஜமாகக் கேட்பார்கள். நியூயார்க் பையர் அப்படி எழுதினால் திருத்தப் போய்விடாதீர்கள், ஆர்டர் அவருடையது.