மகன் ஊரில் கரன்ட் கம்பெனியை மாற்றலாம், பாளையங்கோட்டையில்?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகன், கரன்ட் கம்பெனியை மாற்றிப் பணம் மிச்சம் பிடித்ததாகச் சொல்கிறான். பாளையங்கோட்டையில் நாங்களும் மாற்ற முடியுமா? இல்லையென்றால் மாடியில் சோலார் போடலாமா? சித்திரை, வைகாசி பில்லில் 640 யூனிட் வந்திருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: வணக்கம் ஐயா. கம்பெனியை மாற்ற வழியில்லை. கூடங்குளத்தில் அணு உலை, பாபநாசத்தில் நீர்மின் நிலையம் என்று நம் மாவட்டத்திலேயே மின்சாரம் தயாரானாலும், வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது மின்வாரியம் ஒன்றுதான். ஒரே ஊரில் பல நிறுவனங்கள் விநியோகிக்க வழிசெய்யும் மசோதா, 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்து நிலைக்குழுவுக்குப் போனது.

அதற்காக ஏங்க வேண்டாம். இங்கிலாந்தில் 1990களின் கடைசியிலேயே கம்பெனியை மாற்றும் உரிமை கிடைத்தும், பழைய கம்பெனியிலேயே கூடுதல் விலை கொடுத்துவந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களைக் காப்பாற்றத்தான் 2019 ஜனவரியில் விலைக்கு உச்சவரம்பு வந்தது. இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு மிஞ்சும் என்பது தெளிவாகத் தெரியாது. மாற்றும்போது கரன்ட் நின்றுவிடுமோ என்று பயம் (நிற்காது, வருவது அதே கம்பியில்தான்). 2021இல் சிறிய கம்பெனிகள் வரிசையாக மூடியதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சோலார் விஷயத்தில் நமக்கும் இதே தயக்கம்தான். கணக்குப் போட்டால் தெளியும். ஈபி அட்டையை எடுத்து, ஓராண்டின் ஆறு பில்லையும் வரிசையாக எழுதுங்கள். கோடையில் 640 வந்த வீட்டில், சாரல் காற்று வந்து ஏ.சி. ஓய்ந்ததும் 350க்கு இறங்கியிருக்கலாம். ஒரு பில் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படிகளில் (முதல் சில நூறு யூனிட்டுகளுக்கு) கிடைக்கும் சலுகையும் குறையும். 500க்கு மேல் பத்து யூனிட் கூடினாலே பில் சில நூறு ரூபாய் ஏறிவிடும்.

ஆறில் நான்கு பில் 500ஐத் தாண்டுகிறதா? தாராளமாகப் போடுங்கள். 3 கிலோவாட் அமைப்பு நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய். ஆனால் அது வேலை முடிந்த பிறகுதான் உங்கள் கணக்குக்கு வரும், அதுவரைக்கும் கைப்பணம் வேண்டும். அதற்காக வைப்புநிதியை உடைக்காதீர்கள்.

கோடையில் ஒரே ஒரு பில் மட்டும்தான் தாண்டுகிறது என்றால் சோலார் வேண்டாம். ஏ.சி.யை 26இல் வைத்து, 500க்குள் அடக்கப் பாருங்கள். ஓய்வூதியப் பணத்தை மாடியில் முடக்குகிற வயது இல்லை இது.

போடுவதென்று முடிவானால், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்துத் தென்னையின் நிழலும் எங்கே விழுகின்றன என்று காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடியேறிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள்.